பெல்ட்டைப் பிடிக்கிற கை

வால்ட் பெல்ட்டை இரண்டு விரலால்தான் பிடித்திருக்கிறான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், அவ்வளவுதான், செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிறவன் மாதிரி. கார்லா அப்படிப் பிடிக்கமாட்டாள். நாலு விரலையும் பெல்ட்டுக்குள் விட்டு, தோலை உள்ளங்கையில் அடக்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பிப் பூட்டிக்கொள்வாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இந்த சீசன் முழுக்க ஒரு சனிக்கிழமைகூட நான் பந்தைப் பார்த்ததில்லை. ஊரே பந்தைப் பார்க்கும். நான் என் புருஷனுடைய இடுப்பையும் அதில் இருக்கிற இன்னொருத்தி கையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்றைக்கு அந்தக் கை அங்கே இல்லை. நான்தான் எடுக்கச் சொன்னேன். வியாழக்கிழமை அடுக்களையில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, ஒன்று அவள் அந்த பெல்ட்டை விடவேண்டும், இல்லையென்றால் நான் இனிமேல் மைதானத்துப் பக்கமே வரமாட்டேன் என்று சொன்னேன். சரி என்றுவிட்டார். அதனால் இன்றைக்கு வால்ட். கேட்டது கிடைத்துவிட்டது ஹெப்சிபா, காலை நீட்டி உட்கார்ந்து ஆட்டத்தைப் பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காலை நீட்ட இடமில்லை. அலுமினிய பெஞ்சின் குளிர் கோட்டையும் இரண்டு பேண்டையும் தாண்டித் தொடையில் ஏறுகிறது. ஒஹையோவில் நவம்பர் மாசத்து மத்தியானம், வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது, அடித்து என்ன பிரயோஜனம். இரண்டே விரலால் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறான் அந்த மனுஷன்.

அம்மாவுக்கு இதை ஃபோனில் விளக்கினபோது எனக்கே சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தின் வீடியோவை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நாகர்கோவிலில் என் தம்பி டிவியில் போட்டுக் காட்டுவான். அம்மாவும் பந்தைப் பார்க்கிறவள் இல்லை. எடுத்த எடுப்பிலேயே, "யாரு மக்ளே அது, மாப்பிளைக்க பெல்ட்ட புடிச்சிட்டு ஒரு பொம்பள நிக்கா?" என்றாள். அது அவளுடைய வேலை என்றேன். "பெல்ட்ட புடிக்கது ஒரு வேலையா? இதுக்குன்னு படிச்சிட்டா வந்தா?" நான் பொறுமையாகச் சொன்னேன். மைதானத்து ஓரத்தில் ஒரு வெள்ளைக்கோடு இருக்கிறது அம்மா, இவரை மாதிரி கோச்சுகள் அதைத் தாண்டக்கூடாது, தாண்டினால் டீமுக்குத் தண்டனை. ஆட்டம் சூடு பிடித்தால் எந்த கோச்சுக்கும் கோடு ஞாபகம் இருக்காது. அதனால் பின்னால் ஒரு ஆள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்து இழுத்து வைப்பார்கள். எல்லா டீமிலும் உண்டு. அதோடு இவருக்குக் கழுத்து இருக்கிறதே. கழுத்து என்றதும் அம்மா அடங்கிவிட்டாள். அந்தக் கழுத்து எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி. விளையாடுகிற காலத்தில், ஏழாவது சீசனில், எதிராளி ஒருவன் தலைக்கவசத்தோடு வந்து மோதினதில் பின்கழுத்து எலும்பு மூன்று போயிற்று. தகடு வைத்து, திருகாணி போட்டு மூன்றையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அவரால் தலையைத் திருப்ப முடியாது. பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார், இன்னொரு இடி அந்த இடத்தில் விழுந்தால் கைகால் விளங்கும் என்று நான் பொறுப்பேற்க முடியாது என்று. அந்த மனுஷன்தான் இதோ கோட்டின்மேல் நிற்கிறார். மைதானத்திலிருந்து வாலிபப் பிள்ளைகள் ஒவ்வொருத்தனும் நூறு கிலோ, ரயில் வேகத்தில் கோட்டைத் தாண்டி வெளியே வந்து விழுகிற இடத்தில்.

மேலே கண்ணாடி அறை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, கீழே இருக்கிறவர்களுக்குச் சொல்கிற கோச்சுகள் இருக்கிறார்கள். அங்கே போய் உட்காருங்கள் அத்தான் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "அங்க இருந்தா எனக்கு ஒண்ணும் கேக்காது ஹெப்சி" என்பார். ஆறு வயதில் அமெரிக்கா வந்தவர், தமிழை அவருடைய அம்மாவிடமிருந்து மட்டும் கற்றவர், அதனால் இங்கிலீஷ் நாக்கில் அந்தக் காலத்து நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்துப் பேச்சு வரும். என்ன கேட்க வேண்டுமாம்? உடம்போடு உடம்பு மோதுகிற சத்தமாம். அதைக் கேட்டால்தான் எவன் முழுசாக நிற்கிறான், எவன் பயந்து பாதி நிற்கிறான் என்று தெரியுமாம். இப்போது அந்தச் சத்தம் வருகிறது, இவ்வளவு தூரத்துக்கும் கேட்கிறது, மரக்கதவு காற்றில் அறைந்த மாதிரி. அவருடைய வலதுகால் முன்னால் போகிறது. எப்போதும் போகும். அங்கே எவனோ முட்டுகிறான், இங்கே இவருடைய கால் முட்டுகிறது. விளையாட்டை விட்டு எத்தனை வருஷமானாலும் கால் விடவில்லை. கார்லா இருந்திருந்தால் இந்நேரம் ஒரு இழு இழுத்திருப்பாள். வால்ட் இழுக்கவில்லை, கூடவே ஒரு எட்டு முன்னால் போகிறான். மாட்டை மேய்க்கச் சொன்னால் மாட்டோடு சேர்ந்து இவனும் மேய்கிறான்.

கடைசிக் கால்பகுதி தொடங்கப்போகிறது. எல்லாரும் நாலு விரலை உயர்த்திக் காட்டுகிறார்கள், அது இங்கே சம்பிரதாயம், நாலாம் பகுதி எங்களுடையது என்று அர்த்தம். நாங்கள் மூன்று புள்ளி பின்னால் இருக்கிறோம், அதனால் சத்தம் அதிகம். நானும் கையிலிருந்து க்ளவுஸைக் கழற்றி நாலு விரலை உயர்த்துகிறேன். என் பக்கத்தில் லிண்டா உயர்த்துகிறாள். லிண்டா வால்ட்டின் பெண்சாதி, அவனும் இங்கே ஒரு கோச். கோச்சுகளின் மனைவிமாருக்கென்று இந்த வரிசையை ஒதுக்கியிருக்கிறார்கள், அவள் கொண்டுவந்த கம்பளியில்தான் என் முழங்காலும் இருக்கிறது. "பார்த்தியா ஹெப்சி, என் வால்ட் எப்படி நிக்கிறான்! ரெண்டு நாளா வீட்டில் என் பெல்ட்டைப் பிடிச்சு ப்ராக்டிஸ் பண்ணினான். நான் பாத்திரம் கழுவறேன், பின்னால நின்னு இழுக்கறான்" என்று சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன். அவளிடம் என்ன சொல்ல? உன் புருஷனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்றா? அந்த இடத்தில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தினதே நான்தான் என்றா? வால்ட்டிடம் இவர், கார்லாவுக்கு மணிக்கட்டு வலி, ஒரு வாரம் நீ பிடி என்று சொல்லியிருக்கிறார். லிண்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நல்ல பொய். பாதி உண்மையும்கூட. ஆனால் கார்லாவிடம் என்ன சொல்லியிருப்பார்? உனக்கு மணிக்கட்டு வலிக்கிறது என்று அவளிடமே சொல்ல முடியாதே. வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த ஒரு கேள்விதான் எனக்கு, பல்லிடுக்கில் சிக்கின இறைச்சி நார் மாதிரி, நாக்கு அங்கேயேதான் போகிறது. அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று அவரைக் கேட்கலாம். கேட்டால், அவளோடு என்ன பேசினீர்கள் என்று கேட்கிற பெண்சாதி ஆகிவிடுவேன். கேட்காமலே அதுதான் ஆகியிருக்கிறேன்.

எனக்குப் பொறாமை புதிதில்லை. இந்த விளையாட்டே பொறாமையோடுதான் என் வாழ்க்கைக்குள் வந்தது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை அமெரிக்காவில் ஃபுட்பால் விளையாடுகிறார் என்றுதான் சொன்னார்கள். அப்பா காலால் உதைக்கிற பந்தாட்டம் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் மரசோபாவில் அவர் உட்கார்ந்ததும் அது முனகினது, ஆள் அப்போது அவ்வளவு கனம், தட்டில் வைத்த முந்திரிக்கொத்து முழுவதும் போயிற்று. மாமாதான் கேட்டார், "மாப்பிள இதுவரைக்கும் எத்தன கோல் போட்டிருப்பிய?" அவர் யோசித்து, மரியாதையாக, "நான் பந்த தொட்டதே இல்ல மாமா" என்றார். மாமா விடவில்லை. "பந்த தொடாம என்னவே பந்து வெளையாட்டு? சும்மா நிக்கதுக்கா சம்பளம் குடுக்கான்?" உண்மையிலேயே அதுதான் அவர் வேலை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறிகிறவன் ஒருவன் இருப்பான், அவன் எறிகிறபோது அவனுடைய முதுகுப்பக்கம் அவனுக்குத் தெரியாது, அந்தத் தெரியாத பக்கத்தில் வருகிறவனைத் தன் உடம்பால் மறித்து நிற்பவர்தான் என் புருஷன் ஆல்ட்ரின் பொன்ராஜ். ஏழு வருஷம் டைலர் என்கிற ஒரு நீலக்கண்காரனுக்காக உடம்பைக் கொடுத்தார். என்னிடம் மோதிரவிரல் வளைந்து வந்து சேர்ந்தது, மோதிரம் ஏறாது. கழுத்தும் அவனுக்காகப் போனதுதான். கிறிஸ்துமஸ் வந்தால் அந்த டைலர் தன்னைக் காப்பவர்களுக்கெல்லாம் பரிசு கொடுப்பான், அது அவர்களுக்குள் வழக்கம். ஒரு வருஷம் தங்கக் கைக்கடிகாரம். அவர் அதைக் கழற்றாமல் தூங்கினார். நான் வாங்கிக் கொடுத்த கடிகாரம் அலமாரியில் இருந்தது. அப்போது எரிந்த வயிறு இது. டைலர் இப்போது எங்கேயோ கார் விற்கிறான், டிவியில் விளம்பரத்தில் வருவான், நான் சேனலை மாற்றிவிடுவேன்.

ஆனால் அது ஆம்பளை. ஆம்பளை என்பதால் சும்மா இருந்தேன். இது கார்லா. அழகி என்று சொல்ல முடியாது, அழகியாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இவருடைய கண்ணைத் திட்டிவிட்டு ஆறிப்போகலாம். குட்டையான உருவம், நாற்பது வயதிருக்கும், எப்போதும் வாயில் சூயிங்கம், டீமுக்கு அடிபட்டால் கட்டுப்போடுகிறவள். என் பெயரை இந்த ஊரில் சரியாகச் சொல்கிற ஒரே ஆள் அவள்தான், ஹெப்சிபா என்று முழுசாகச் சொல்வாள், அதுவும் எனக்கு எரிச்சல். எனக்குப் பொறுக்காதது அந்தக் கைகூட இல்லை, கை பேசுகிற பேச்சு. ஒரு இழுப்பு இழுத்தால் பின்னால் வா. இரண்டு இழுப்பு, இடதுபக்கம் பார். பக்கவாட்டில் ஒரு அசைப்பு, வலதுபக்கம். அவரால் தலையைத் திருப்ப முடியாதல்லவா, அவள்தான் திருப்புகிறாள். யார் என்ன என்று பார்க்காமல், ஏன் என்று கேட்காமல், பெல்ட்டில் ஒரு அசைவு வந்ததும் அந்தப் பெரிய உடம்பு அப்படியே திரும்புகிறது. இத்தனை வருஷத்தில் நான் சொல்லி ஒரு தரமாவது இப்படித் திரும்பியிருக்கிறாரா? குப்பை வண்டி வந்துவிட்டது என்று மூன்று தரம் கத்த வேண்டும். அவளுக்கு வாயைத் திறக்கவே வேண்டாம், சூயிங்கத்தை மென்றுகொண்டே என் புருஷனை நடத்துகிறாள்.

அதற்குமேல் வியாழக்கிழமை. நினைக்கக்கூடாது என்றால் அதுதான் வரும். அவர் அடுப்புக்கு முன்னால் நின்று தோசை திருப்பிக்கொண்டிருந்தார், எனக்கு மேல்தட்டிலிருந்து உப்பு டப்பாவை எடுக்க வேண்டும், நகருங்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, எனக்கு என்ன தோன்றினதோ, பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்து லேசாக இழுத்தேன். ஒரு எட்டு பின்னால் வந்தார். உடனே, அப்படியே, திரும்பிப் பார்க்காமல். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது, ஆகா, என் கைக்கும் வருகிறாரே என்று. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. தோசையைப் பார்த்துக்கொண்டே, "தேங்க்ஸ் கார்லா" என்றார். சொன்னது தெரியாமலே சொன்னார். என் அடுக்களையில். என் கை இருந்த இடத்தில். உப்பு டப்பாவை வைத்த சத்தத்தில்தான் உடம்பைத் திருப்பினார். அதற்கப்புறம் நான் சொன்னது எல்லாவற்றையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டாம், லிண்டா பக்கத்தில் இருக்கிறாள், முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவர் சண்டை போடவில்லை. "ஹெப்சி, அது அவளுக்க வேலை. பழக்கத்துல வாயில வந்துட்டு" என்றார். ஒன்று அவள் விடவேண்டும் இல்லை நான் என்றேன். "சரி. வால்ட் புடிப்பான்" என்றார். அவ்வளவு சீக்கிரம் சரி என்றது இன்னும் மோசம். ஒன்றுமில்லாத விஷயமாக இருந்தால் சண்டை போடாமல் விடுவானேன்? ஏதாவது இருந்தால்தான் சண்டை போட்டுக் காப்பாற்றுவாரா? அப்படியென்றால் ஒன்றுமில்லை என்பதால்தான் விட்டாரா? இந்தச் செக்கில் இரண்டு நாளாகச் சுற்றுகிறேன், எண்ணெயும் வரவில்லை பிண்ணாக்கும் வரவில்லை. தோசை கருகிவிட்டது, அதை அவரே தின்றார்.

அந்த மணிக்கட்டு வலி உண்மை என்றேனே. போன மாதம் நான் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு வந்தாள். கவுண்டருக்கு அந்தப்பக்கம் அவள், இந்தப்பக்கம் நான். வலதுகையை நீட்டி, இங்கே வலிக்கிறது ஹெப்சிபா, ராத்திரி விரல் மரத்துப்போகிறது என்றாள். எனக்குத் தெரியும் அந்த வலி எங்கிருந்து வந்தது என்று. நூற்றுமுப்பது கிலோவை மூன்று மணி நேரம் இழுத்து நிறுத்தின வலி. என் புருஷன் கொடுத்த வலி, அதைக்கூட அவள் சுமந்துகொண்டு வந்து என்னிடமே மருந்து கேட்கிறாள். ஒரு களிம்பு எடுத்துக் கொடுத்தேன், மணிக்கட்டுக்குப் போடுகிற கறுப்புப் பட்டை ஒன்றும் கொடுத்தேன். இறுக்கமாகக் கட்டாதீர்கள் என்றேன். வீட்டுக்கு வந்து, எனக்கு ஏன் வலிக்கவில்லை என்று அழுதேன். பைத்தியம்தான். பொறாமைக்கு எங்கள் கடையில் எந்தத் தட்டிலும் மருந்தில்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

சத்தம். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். எங்கள் பையன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் ஓடிவிட்டான். லிண்டா கம்பளியோடு எழுந்துவிட்டாள், என் முழங்கால் திறந்துவிட்டது. நான் இடுப்பைப் பார்க்கிறேன். வால்ட்டின் கை இல்லை. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டுகிறான், வெள்ளைத் துண்டைச் சுழற்றுகிறான், கோச்சை விட்டுவிட்டு அந்தப்பக்கம் நாலு எட்டு ஓடிவிட்டான். அவர் கோட்டைத் தாண்டி உள்ளே நிற்கிறார். ஒன்றும் ஆகவில்லை, பந்து தூரத்தில் இருக்கிறது. நடுவர் வந்து கையால் தள்ளுகிற மாதிரிக் காட்ட, தானே பின்னால் வருகிறார். வால்ட் திரும்பி வந்து இரண்டு விரலைப் போடுகிறான். கார்லா எங்கே? இவ்வளவு நேரமும் அவள் இருக்கிற பக்கம் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பார்த்துவிட்டேன். பெஞ்சின் கடைசியில் ஒரு ஆட்டக்காரனுடைய கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருக்கிறாள். கை சுற்றுகிறது, கண் அங்கே இல்லை. கண் அவருடைய பெல்ட்டில் இருக்கிறது. நான் பார்க்கிற அதே இடத்தைப் பார்க்கிறாள். இந்த மைதானத்தில் இத்தனை ஆயிரம் பேரில் நானும் அவளும் மட்டும்தான் பந்தைப் பார்க்கவில்லை. பார்க்காதேடி, அதுதான் உன்னிடமிருந்து வாங்கியாயிற்றே, பிறகும் என்ன பார்வை என்று வருகிறது. பார், பார்த்துக்கொண்டே இரு என்றும் வருகிறது. இரண்டும் ஒரே மூச்சில் வருகிறது.

நடுவர்கள் கூடிப் பேசுகிறார்கள், பையனின் கால் கோட்டில் பட்டதா இல்லையா என்று. இந்த விளையாட்டில் கால்மணி நேரம் என்று கடிகாரத்தில் போடுவான், ஒரு மணி நேரம் ஆக்குவான், மனுஷியை யோசிக்கவிட்டே கொல்வான். அவர் கோட்டோரம் நிற்கிறார், கையில் அட்டை, தொப்பி, அசையாத கழுத்து. இப்போது ஒன்று செய்கிறார். வலதுகையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோகிறார். இடுப்புக்குப் பின்னால், பெல்ட்டைத் தடவுகிறார். இருட்டில் கண்ணாடியைத் தேடுகிற கை மாதிரி, இந்தப்பக்கம், அந்தப்பக்கம். வால்ட் அங்கே இல்லை, தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். ஒன்றும் தட்டுப்படாமல் கை அப்படியே கொஞ்சநேரம் நிற்கிறது, பிறகு முன்னால் வந்துவிடுகிறது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் உடம்பையே திருப்ப வேண்டுமே, அத்தனை பேர் முன்னால் எதற்கு என்று இருந்திருக்கும். பயப்படுகிறார். எனக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரியில் தகடு வைத்த மறுநாள் விரலை அசைத்துக் காட்டச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்ததென்று நான் பார்த்தேனே. எட்டி ஹெப்சிபா, உன் புருஷன் பயந்துகொண்டு நிற்கிறான், நீ மானத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். தேடினது அவள் கையைத்தானே என்று ஒரு பக்கம் வயிறு எரிகிறது, எரியட்டும், அந்தக் கை அங்கே இருக்க வேண்டும். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள், என் வினை அவரைச் சுடப்போகிறது. இறங்கிப் போய் நானே பிடித்தால் என்ன? போலீஸ்காரன் விடமாட்டான். விட்டாலும் எனக்கு எந்தப்பக்கம் ஆள் வருகிறான் என்று தெரியாது, நான்தான் ஒருநாளும் பந்தைப் பார்த்ததில்லையே.

விசில். பந்து கிளம்பிவிட்டது. எதிர் டீம்காரன் ஒருவன் எங்கிருந்தோ அதைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறான், பின்னால் எங்கள் பையன்கள் இரண்டு பேர். இடதுபக்கத்திலிருந்து வருகிறார்கள். அவருடைய உடம்பு வலதுபக்கம் பார்த்து நிற்கிறது. இடது. இடதுபக்கம். இரண்டு இழுப்பு, வால்ட், இரண்டு இழுப்பு. வால்ட் துண்டைச் சுழற்றிக்கொண்டு கோட்டோரமாகவே அவர்களை நோக்கி ஓடுகிறான். நான் பெஞ்சின்மேல் ஏறிவிட்டேன், "பின்னால வாங்க அத்தான், பின்னால வாங்க" என்று கத்துகிறேன், தமிழில், இத்தனை ஆயிரம் பேர் கத்துகிற நடுவில், என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. என் கை காற்றில் எதையோ பிடித்து இழுக்கிறது, இழுத்தது லிண்டாவின் கோட்டை. டேப் சுருள் ஒன்று புல்லில் உருண்டு போவது தெரிகிறது, அவ்வளவு ஞாபகம் இருக்கிறது. அந்தக் குட்டை உருவம் எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் பெல்ட்டுக்குள் விட்டு, தன் உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்து, கிணற்றிலிருந்து வாளியை இழுக்கிற மாதிரி இழுத்தாள். அவர் போனார். அப்படியே, கேட்காமல், பார்க்காமல், அந்தப் பெரிய உடம்பு காற்றில் பின்னால் போயிற்று. அவர் நின்ற இடத்தின்மேல் மூன்று பேரும் விழுந்து புரண்டு போனார்கள். வால்ட்டைத் தொடையில் தட்டிவிட்டுப் போனதில் அவன் பின்பக்கம் தரையில் பட உட்கார்ந்துவிட்டான், துண்டு மட்டும் கையில். லிண்டா அலறினாள். இவரும் கார்லாவும் பெஞ்சுக்கு முன்னால் மல்லாந்து கிடக்கிறார்கள், அவள் கீழே, இவர் பாதி அவள்மேல். சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் நான் பார்த்தது கழுத்தை இல்லை. அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அவள் தலைக்குமேல் குடை மாதிரி வைத்திருந்தார், யாரும் மிதித்துவிடாதபடி, டைலருக்கு வைத்த மாதிரி. அதற்கப்புறம்தான் கழுத்து. விரல்கள். அசைகின்றன. பத்தும் அசைகின்றன. உட்கார்ந்தார். கர்த்தாவே, எழுந்து நின்றார். நிற்கிறார்.

வால்ட்டும் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொள்கிறான், லிண்டா அழுதுகொண்டே சிரிக்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு, "இரண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லை, ஹெப்சி, ஒண்ணும் இல்லை" என்கிறாள். வால்ட் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான், அவனுக்குப் போதும். இவர் அட்டையைப் பொறுக்கிக்கொண்டு கோட்டுக்குப் போகிறார். போவார், அவர் கால் போகும். கார்லா பின்னால் போகிறாள், அவருக்குப் பின்னால் அவளுடைய பழைய இடத்தில் நிற்கிறாள், ஆனால் கை பெல்ட்டில் இல்லை. இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, விரல்களை விரித்து, எதையும் தொடவில்லை என்று காட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு மேலே பார்க்கிறாள். வரிசை வரிசையாகத் தேடி, எங்கள் வரிசைக்கு வந்து, என்மேல் நிற்கிறது அவள் கண். கேட்கிறாள். அப்போது தெரிந்தது, சொல்லியிருக்கிறார். மணிக்கட்டு, அது இது என்று பொய் சொல்லவில்லை. என் ஹெப்சிக்குப் பிடிக்கவில்லை, அதனால் நீ பிடிக்காதே என்று உள்ளதை உள்ளபடி அவளிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் அடுக்களை அவளுக்குத் தெரியும். கருகின தோசைகூடத் தெரிந்திருக்கும். முகம் காதுவரைக்கும் சுட்டது, இந்தக் குளிரிலும். எனக்குச் சொல்லவேண்டிய எத்தனையோ இருக்க, என்னைப் பற்றி அவளிடம் பேசியிருக்கிறார். இரண்டு நாளாக இதெல்லாம் தெரிந்துகொண்டே அவள் டேப் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், அவரை விட்டு விலகி, நான் சொன்னதற்காக. இவ்வளவையும் யோசிக்க நேரமில்லை. கீழே பிள்ளைகள் வரிசையாகக் குனிகிறார்கள், நடுவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோகிறார், இவருடைய வலதுகால் கோட்டைத் தாண்டிவிட்டது. அவள் கை இன்னும் காற்றில்தான் இருக்கிறது. தலையாட்டினேன், இவ்வளவு தூரத்துக்குத் தலையாட்டினால் தெரியாது. க்ளவுஸ் இல்லாத கையை உயர்த்தினேன். நாலு விரலையும் மடக்கி, உள்ளங்கையில் அடக்கி, மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்பிக் காட்டினேன். ஒரு சீசன் முழுக்க பார்த்துப் பார்த்து எரிந்த பிடி, எனக்குத் தெரியாதா. கறுப்புப் பட்டை கட்டின அந்தக் கை இறங்கி பெல்ட்டுக்குள் போயிற்று, பூட்டிக்கொண்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் தோள் இரண்டும் இறங்கின, இன்றைக்கு முதல் தரமாக. அது என் கைக்காக இறங்கவில்லை. வயிறு எரிந்தது, முன்னைவிட அதிகமாகவே எரிந்தது. இறுக்கிப் பிடிடி. இன்னும் இறுக்கி.